சொல்லின் வாலில் ஊர்ப்பெயர்

களியக்காவிளையில் ஏறி, சென்னை கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும். நடுவில் விரைவுப் பேருந்தும் இல்லை, இரவுப் பயணமும் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டோடுதான் கிளம்பினேன். கண்ணாடி அடைத்த வண்டியில் சாயங்காலம் ஏறிப் படுத்தால் விடிகிறபோது சென்னை வந்துவிடும். ஆனால் அந்த ஒரு ராத்திரிக்குள் தமிழ் எத்தனை தடவை குரல் மாற்றிக்கொண்டது என்று தெரியாமல் போய்விடும். ஊருக்கு ஊர் நின்று போகிற வண்டியில், பகல் வெளிச்சத்தில்தான் ஜனங்கள் பேசுவார்கள். கண்டக்டரோடு சில்லறைக்கு மல்லுக்கட்டுவார்கள், பக்கத்து இருக்கையில் உறவு விசாரிப்பார்கள், குழந்தையை அதட்டுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்தது.

என் பூர்வீகம் கும்பகோணம் பக்கம். வானொலியும் பழைய சினிமாவும் பேசிய பொதுத் தமிழ் எங்கள் பேச்சுக்கு நெருக்கமானது. அதனால் வட்டார வழக்கு என்பது மற்ற ஊர்க்காரர்களுக்கு உரியது, நமக்குக் கிடையாது என்ற நினைப்பு எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. வழக்கு இல்லாத ஊர் எங்கும் இல்லை.

ஒருவர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க, அவர் வாயிலிருந்து விசேஷமான சொல் ஏதாவது விழுகிறதா என்றுதான் பெரும்பாலும் காத்திருக்கிறோம். ‘ஏலே’ என்றால் திருநெல்வேலி, ‘ஏனுங்க’ என்றால் கோயம்புத்தூர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சொற்கள் ஊர்விட்டு ஊர் போகக்கூடியவை. சினிமா பார்த்து யாரும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியது வினைச்சொல்லின் வாலை. ‘வந்தாங்க’ என்ற சொல்லை முடிக்கும் இடத்தில் நாக்கு என்ன செய்கிறது என்பது பால்குடி மறக்கும் வயதிலேயே படிந்துவிடுகிறது. படித்து, வேலைக்குப் போய், ஊர் மாறிய பிறகும் கோபத்திலோ அவசரத்திலோ அந்த வால் வெளியே வந்துவிடும்.

களியக்காவிளையில் சாலைக்கு அந்தப் பக்கம் கேரளம். கடைப் பலகைகளில் இரண்டு எழுத்தும் இருக்கின்றன. மார்த்தாண்டம் போகிற வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் என் பையைப் பார்த்துவிட்டு, “எங்கோட்டாக்கும் போறிய?” என்றார். சென்னைக்கு என்றேன். “மெட்ராசுக்கா? இந்த பஸ்சிலயா? பின்னே எதுக்கு ரயிலு விட்டிருக்கான்?” என்று கேட்டுவிட்டு, என் பதிலைக் கேட்டபின், “செரி, கொல்லாம்” என்று ஒப்புதல் கொடுத்தார்.

அந்த ‘ஆக்கும்’ குமரிக்காரர்களின் முத்திரை. ‘நான் வாத்தியாராக்கும்’, ‘இது எனக்க வீடாக்கும்’ என்று வாக்கியத்துக்கு அது ஓர் அழுத்தம் தருகிறது. அதில் கொஞ்சம் உறுதியும் கொஞ்சம் உரிமையும் இருக்கும். தண்ணீர் அங்கே வெள்ளம், பலா சக்கை, நினைவு ஓர்மை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சியில் இருந்தவை. ஆகவே இதெல்லாம் மலையாளக் கலப்பு என்று வெளியூரார் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். தொல்காப்பியர் திசைச்சொல் என்று தனியாக ஒரு வகை வைத்தார். அதற்கு உரை எழுதியவர்கள் எடுத்துக்காட்டு சொல்லும்போது, குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பார்கள், குடநாட்டார் தந்தையை ‘அச்சன்’ என்பார்கள் என்று குறித்துவைத்தார்கள். அந்தத் ‘தள்ளை’ கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரும்பாலும் ஏச்சில்தான் அது வருகிறது. ஆனாலும் உரையாசிரியர் ஏட்டில் எழுதிய சொல் பேருந்தில் காதில் விழுகிறது. அதைக் கலப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குமரி மாவட்டம் சிறியது. அதற்குள்ளேயே பேச்சு ஒன்றாக இல்லை. தக்கலை தாண்டி நாகர்கோவில் நெருங்க நெருங்க மலையாள வாசனை குறைந்து நாஞ்சில் நாட்டுத் தமிழ் வருகிறது. நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977இல் வந்தபோது அந்தப் பேச்சு மற்ற ஜில்லாக்காரர்களுக்கு அச்சில் அறிமுகமானது. தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சு அதிலிருந்து வேறு. தோப்பில் முகமது மீரான் அதை எழுதவில்லை என்றால் வெளியே தெரிந்திருக்காது. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று தமிழ். வடசேரி பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் மூன்றையும் கேட்டுவிடலாம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளுகிறது. முப்பந்தல் காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றுகின்றன. காவல்கிணறு தாண்டியதும் மண் சிவந்து பனை வருகிறது, பேச்சும் மாறுகிறது. இங்கே எல்லை மலையால் போட்டது, ஆகையால் மாற்றம் சட்டென்று தெரிகிறது. ‘ஆக்கும்’ நின்றுவிட்டது. வள்ளியூரில் ஏறிய பெண் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்: “அவிய காலையிலயே வந்துட்டாவ. நான் இப்பதான் வாரேன். நீ போன வைய்யி, பொறவு பேசுதேன்.”

இரண்டு மூச்சில் அவள் திருநெல்வேலித் தமிழின் இலக்கணத்தையே சொல்லிவிட்டாள். தஞ்சாவூரில் ‘வந்தாங்க’. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போனால் ‘வந்தாக’. திருநெல்வேலிக்கு வந்தால் ‘வந்தாவ’. முன்னிலையிலும் அப்படித்தான். ‘வந்தீங்க’ என்பது ‘வந்தீக’ ஆகி, இங்கே ‘வந்திய’ என்று நிற்கிறது. ஒரே மரியாதை விகுதி தெற்கே இறங்க இறங்க மெல்லினத்தை உதிர்த்து, பிறகு வல்லினத்தையும் உதிர்த்து, கடைசியில் வகரமாகவோ யகரமாகவோ மிஞ்சுகிறது. நிகழ்காலம் இன்னும் நல்ல அடையாளம். மற்ற இடங்களில் ‘பாக்குறேன்’, ‘கேக்குறேன்’ என்பதை இவர்கள் ‘பாக்கேன்’, ‘கேக்கேன்’ என்று நறுக்கிவிடுவார்கள். ‘பேசுறேன்’ என்பது ‘பேசுதேன்’, ‘சொல்றான்’ என்பது ‘சொல்லுதான்’. திரையில் திருநெல்வேலி பேசுகிற நடிகர்கள் பலர் ‘ஏலே’யை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டு, வினையில் ‘பாக்குறேன்லே’ என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் டீக்கடை வைத்திருக்கிறவருக்கு அந்த ஒரு சொல் போதும், ஆள் வெளியூர் என்று கண்டுகொள்வார்.

‘ஏலே’யும் அத்தனை சுலபமில்லை. சின்னப் பையனுக்கு ‘லே’, பெண்பிள்ளைக்கு ‘ஏட்டி’ அல்லது ‘ஏளா’, சம வயது ஆண்களுக்குள் ‘வே’, பெரியவருக்கு ‘அண்ணாச்சி’. ‘வே’ என்பதில் நட்பும் இருக்கும், கொஞ்சம் கேலியும் இருக்கும். “என்னவே, ஆளையே காணும்?” என்று ஒருவர் கேட்டால் இருவருக்கும் நெடுநாள் பழக்கம் என்று அர்த்தம். அதைப் பெரியவரிடம் சொன்னால் சண்டை. வீட்டின் உறுப்புகளுக்கும் இவர்களிடம் தனிப் பெயர்கள் உண்டு. முன்கட்டு தார்சா, ஜன்னல் கம்பி அளி, இரண்டு வீட்டுக்கு நடுவில் போகும் சந்து முடுக்கு. டவுன் ரத வீதிகளில் பழைய வீடுகள் இடிபட இடிபட அளியும் தார்சாவும் பேச்சிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. ‘பாக்கேன்’ மட்டும் போகவில்லை. பல மாடிக் குடியிருப்பில் இருக்கிற பிள்ளையும் ‘படிக்கேன்’ என்றுதான் சொல்கிறது. பொருள் போனால் அதன் பெயர் போகும். விகுதிக்கு அந்தப் பயம் இல்லை.

தூத்துக்குடிக் கரைக்கு நான் இந்த முறை இறங்கவில்லை. அங்கே கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று திசைக்கொரு காற்றின் பெயர் தெரிந்தால்தான் பேச்சே புரியும். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தபோது உள்நாட்டார் பலர் சொற்பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடிதான் படித்தார்கள். அது தனிப் பயணத்துக்கு உரியது.

கோவில்பட்டிக்கு முன்னால் இடைசெவலில் இறங்கினேன். ஒரு சின்னக் கிராமம், சுற்றிலும் கறுப்பு மண். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இந்த ஒரே ஊர்க்காரர்கள், தோழர்கள், இருவரும் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர்கள். கி.ரா. 1982இல் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’யைக் கொண்டுவந்தார். அப்போது அவர் பல்கலைக்கழகத்துக்காரர் இல்லை, பள்ளிப் படிப்பையும் முடிக்காத விவசாயி. பண்டிதர்கள் கொச்சை என்று ஒதுக்கிய சொற்களை அகர வரிசையில் அடுக்கி, இவையும் தமிழ் என்று நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் அந்தந்த வட்டாரத்து எழுத்தாளர்கள் தத்தம் ஊருக்குச் சொல்லகராதி செய்யத் தொடங்கினார்கள். என்னை அதைவிட அதிகமாக யோசிக்க வைப்பது இன்னொன்று. கி.ரா.வின் வீட்டு மொழி தெலுங்கு. கரிசல் தமிழை ஊருக்கெல்லாம் அடையாளம் காட்டியவர் அடுப்படியில் வேறு மொழி பேசி வளர்ந்தவர். வட்டார வழக்கு சாதிக்கோ ரத்தத்துக்கோ உரியது இல்லை, அந்த மண்ணில் நின்று பேசுகிற எல்லாருக்கும் உரியது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஆட்டுக்குட்டியைக் கையில் பிடித்தபடி நின்ற பெரியவர், “யாரைத் தேடி வந்திருக்கீக?” என்று கேட்டார். ‘வந்திருக்கிய’ இல்லை, ‘வந்திருக்கீக’. திருநெல்வேலியின் ‘ய’ கரிசலில் ‘க’ ஆகிவிட்டது. கயத்தாறில் ஏறியவர்கள் இரண்டையும் கலந்துதான் பேசினார்கள். வரைபடத்தில் கோடு போடுகிறவர்கள் கயத்தாறில் என்ன செய்வார்களோ தெரியவில்லை. அங்கே ஒரே வீட்டில் அப்பா ஒரு வால், மருமகள் ஒரு வால்.

மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கியபோது ஆட்டோக்காரர்கள் இருவர் யாரைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். “எங்கிட்டுப் போனாய்ங்கன்னே தெரியலண்ணே. பூராம் வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிட்டாய்ங்க.” இந்த ‘ய்ங்க’ மதுரைக்காரர் வாயில்தான் முழுசாக வரும். மாமா வந்தால் ‘வந்தாக’, ‘வந்தாங்க’. தெருப் பையன்கள் வந்தால் ‘வந்தாய்ங்க’. மரியாதை இல்லாத பன்மைக்கு என்று தனி விகுதி வைத்திருப்பது எத்தனை நுட்பமான வசதி. பொதுத் தமிழில் பலர் என்றாலே மரியாதை கொடுத்தாக வேண்டும், திருடர்களும் ‘வந்தாங்க’தான். மதுரையில் அந்தச் சங்கடம் இல்லை. திட்டுவதை ‘வைவது’ என்பார்கள். வேலையைச் ‘சோலி’ என்பார்கள். வழி கேட்டால் ‘அங்கிட்டுப் போயி இங்கிட்டுத் திரும்புங்க’ என்று கையையும் சேர்த்துச் சொல்வார்கள். குரல் வாக்கியத்தின் கடைசியில் ஏறும். கேள்வி கேட்காதபோதும் பதிலை எதிர்பார்ப்பது போன்ற ஓர் ஏற்றம். வடிவேலுவால் இந்தத் தமிழ் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதனால் மதுரையைக் கண்டுபிடிப்பது யாருக்கும் சுலபம் என்ற எண்ணம் வந்துவிட்டது. மேலூர் வேறு, உசிலம்பட்டி வேறு, நகரத்துக்குள் சௌராஷ்டிரர்கள் பேசும் தமிழ் வேறு. அவற்றைப் பிரித்துச் சொல்ல மதுரைக்காரராலேயே முடியும்.

கொங்குப் பக்கம் போக ஆரப்பாளையத்தில் வண்டி ஏற வேண்டும். திண்டுக்கல் வரை காதில் மதுரைதான். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏறிய கூட்டத்தோடு வண்டியின் சுருதியே இறங்கிவிட்டது. “ஏனுங்க, தாராபுரம் ரெண்டு குடுங்க. சில்றை இருக்குதுங்க” என்றார் ஒரு பெண்மணி. மடியில் பேரப் பையன். நோம்பிக்குப் போகிறார்களாம். “இவிங்கப்பச்சி ஊட்டுக்குப் போறமுங்க. என்ற அண்ணன் பையனுக்குச் சீர் இருக்குதுங்க” என்றார் என்னிடம். பையனிடம் திரும்பி, “அக்கட்டால நகந்து உக்காரு கண்ணு. அவுங்களுக்கு எடமில்லியாட்ட இருக்குது” என்றார்.

‘ங்க’ எல்லா ஊரிலும் உண்டு. கொங்கில் அதன் வேலை வேறு. ‘மழை வருதுங்க’ என்றால் மரியாதை மழைக்கு இல்லை, கேட்கிற உங்களுக்கு. ‘பஸ்ஸுங்க’, ‘ஆமாங்க’, ‘நாளைக்குங்க’ என்று எந்தச் சொல்லோடும் ஒட்டி, எதிரே இருப்பவர் பக்கம் அது திரும்பிக்கொள்கிறது. அவசரத்தில் உயிர் உதிர்ந்து வெறும் ‘ங்’ மிஞ்சும். தன்மை வினையையும் கவனிக்க வேண்டும். ‘வந்தேன்’ இல்லை, ‘வந்தனுங்க’. ‘என்னுடைய’ என்பது ‘என்ற’, ‘உன்னுடைய’ என்பது ‘உன்ற’. போலிப் பேச்சுக்காரர்கள் ‘ங்க’வை மட்டும் அள்ளித் தெளிப்பார்கள், ‘என்ற’வில் தடுமாறுவார்கள்.

அந்தப் பெண்மணி சொன்ன ‘அப்பச்சி’ தாயின் தகப்பனார். இதே சொல் செட்டிநாட்டில் பெற்ற தகப்பனுக்கு. திருநெல்வேலியில் ‘ஆச்சி’ என்றால் பாட்டி, காரைக்குடியில் ஆச்சி என்பது பெண்களை மரியாதையாக விளிக்கும் சொல். ‘ஆயா’ சென்னையில் பாட்டி, செட்டிநாட்டிலும் பாட்டி, நடுவில் இருக்கிற எங்கள் தஞ்சாவூரில் அது பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். உறவுச் சொற்களை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க நினைத்தால், கூடவே குடும்பத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கொங்குத் தமிழுக்கு எழுத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942. தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமர்சகர்கள் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். பெருமாள்முருகன் 2000இல் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் வேலி அடைத்து நடுவில் வண்டி போகிற பாதைக்கு ‘இட்டேரி’ என்று பெயர். தாராபுரம் தாண்டிக் காங்கேயம் போகிற வழியில் இன்னும் சில இட்டேரிகள் ஜன்னல் வழியே தெரிந்தன. கிளுவை வேலி போய்க் கம்பி வேலி வந்த இடங்களில் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை.

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகிற ரயில் பாதையை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். சினிமாக்காரர் யாரும் பேச்சுப் பிடிக்கப் போகாத பாதை அது. ஆத்தூர் வரை இரண்டு பக்கமும் சேகோ ஆலைகளுக்குப் போகிற கிழங்குக் கொல்லைகள். களியக்காவிளையில் ‘மரச்சீனி’ என்று கேட்ட கிழங்கு இங்கே ‘குச்சிக்கிழங்கு’. எங்கள் ஊரில் மரவள்ளி. சின்னசேலம் வருவதற்குள் ‘ங்க’ தேய்ந்துவிட்டது. இடத்தைக் குறித்துச் சொல்ல முடியாது. ஒரு ஸ்டேஷனில் ஏறிய கிழவர் ‘போறனுங்க’ என்றார், அடுத்ததில் ஏறியவர் ‘போறன்’ என்றார். அவ்வளவுதான்.

பிறகு கூடை ஒன்று வந்தது. “மல்லாட்ட, வேவ வச்ச மல்லாட்ட!” நிலக்கடலைதான். தெற்கே வெறும் ‘கடலை’. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கொங்கில் அது ‘கல்லக்கா’, சென்னையில் ‘வேர்க்கடலை’. விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கம் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பதன் உருமாற்றம். விருத்தாசலத்திலேயே நிலக்கடலைக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ‘வி.ஆர்.ஐ.’ என்று பெயர் தொடங்கும் ரகங்கள் அங்கே உருவானவை. அரசாங்கத் தாளில் நிலக்கடலை என்று எழுதுகிற அந்த ஊரில், கொல்லையில் அதைப் பிடுங்குகிறவர்கள் மல்லாட்டை என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தமிழ் எது என்று கேட்டால் இந்த நடுநாட்டுத் தமிழைத்தான் சொல்வேன். இதற்கு நட்சத்திரம் கிடையாது. மதுரைக்கு வடிவேலு, கொங்குக்குக் கோவை சரளாவும் மணிவண்ணனும், நெல்லைக்கு எத்தனையோ இயக்குநர்கள். விருத்தாசலத்துப் பேச்சை ஒரு வசனத்துக்காகவாவது யாராவது பழகிக்கொண்டு வந்ததை நான் பார்த்ததில்லை. நடித்துக் காட்டப்படாததால் அது தன்னைப் பற்றிய கூச்சமோ பெருமையோ இல்லாமல் இருக்கிறது. வெளியூர்க்காரர் வந்துவிட்டார் என்று யாரும் பேச்சைக் கூட்டியோ குறைத்தோ சொல்வதில்லை. ‘வீடு’ அங்கே ‘வூடு’. ‘எவ்வளவு’ என்பது ‘எம்மாம்’. ‘வருகிறேன்’ என்பது சுருக்கமாக ‘வரன்’. ‘இருக்கன்’, ‘சொன்னன்’ என்று வினை ஒரு தட்டு தட்டி நின்றுவிடும், வால் நீளாது. எதையும் அலங்கரிக்காத தமிழ் அது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது, அந்தத் தட்டையான வாக்கியத்துக்குள் எத்தனை துக்கம் அடங்கும் என்று தெரிந்தது. இந்த மண்ணுக்குச் சொல்லகராதி செய்தவர் கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தபடியே ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைத் தொகுத்தார். அவருடைய ஊரின் பெயர் மணக்கொல்லை.

அந்தக் கொல்லையைப் பற்றித்தான் விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் ஓர் அம்மாளோடு பேச நேர்ந்தது. பண்ருட்டி வண்டிக்கு இருவரும் காத்திருந்தோம். கொல்லையில் மல்லாட்டை போட்டிருப்பதாகவும், பன்றித் தொல்லை தாங்கவில்லை என்றும் சொன்னார். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது இரண்டு வாழை மட்டும்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ரெண்டு வாழைக்கு ஒரு கொல்லையா? நீங்க தஞ்சாவூரு பக்கமா?”

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “எங்க சின்ன மருமவ கும்மோணம். அவளும் இப்பிடித்தான், வூட்டுக்குப் பின்னாலப் போயி நின்னுக்குனு கொல்லையில நிக்கறன்னு சொல்லுவா. நாங்க காணிக்குப் போயி அவளத் தேடுவம்.”

மானாவாரிப் புன்செய்தான் அவருக்குக் கொல்லை. காவிரிப் பாசனத்தில் எல்லாம் நன்செய் ஆகிவிட்ட எங்கள் ஊரில், அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போய் அது வீட்டுப் பின்புறத்தில் ஒதுங்கியிருக்கலாம் என்று தோன்றியது. ஒரு சொல்லால் என் ஊரை அவர் பிடித்துவிட்டார். வால் ஒன்றும் தேவைப்படவில்லை. சொல்லை நம்பக்கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதை இந்த அம்மாளுக்காகக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். இப்படி யாரும் நடித்துக்காட்ட நினைக்காத சொல், அடுப்படியிலும் கொல்லையிலும் புழங்குகிற சொல் என்றால் அதை நம்பலாம்.

பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம். வண்டி மாற மாற ‘எம்மாம்’ தொடர்ந்து கூடவே வந்தது. திண்டிவனத்துக்கு வடக்கே ‘என்ன’ என்பது ‘இன்னா’ என்றே ஆகிவிட்டது. ‘வரும்போது’ என்பது ‘வர சொல்ல’. மதுராந்தகம் பக்கம் ஏறிய ஒரு விவசாயி, மண்வெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, “ஏரில தண்ணி நெறைய கீது” என்று பக்கத்தாளிடம் சொன்னார்.

இந்த இடத்தில்தான் சாலை வழியாக வந்ததன் பலன் எனக்குக் கிடைத்தது. ‘கீது’ என்று கேட்டவுடன் நம்மில் பலருக்கு ரிக்ஷாவும் லுங்கியும் கூவம் கரையும் நினைவுக்கு வரும். சென்னைத் தமிழ் என்பது உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து கெட்டுப்போன நகரச் சேரிப் பேச்சு என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். கலப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. பேஜாரும் நாஸ்டாவும் உருது வழி வந்தவை, நைனாவும் டப்பும் தெலுங்கு. அவை சொற்கள் மட்டுமே. அந்தப் பேச்சின் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது? ‘கீது’, ‘இன்னா’, ‘எம்மாம்’, ‘வர சொல்ல’, ‘குந்து’ எல்லாம் செங்கல்பட்டு, ஆற்காட்டுக் கிராமங்களில் ஏர் ஓட்டியவர்கள் பேசிய தமிழ். ழகரத்தைப் பாருங்கள். மதுரையும் நெல்லையும் பழத்தைப் ‘பளம்’ என்கின்றன, வடக்கே ‘பயம்’ என்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு விலகல்தான். ‘பளம்’ பேசுகிறவரைக் கிராமத்து வெள்ளந்தி என்று படம் காட்டுகிறது, ‘பயம்’ பேசுகிறவரைப் போக்கிரி என்று காட்டுகிறது. 1639இல் கும்பினியார் கோட்டை கட்ட இடம் வாங்கியபோது இந்தக் கரையில் ஆளில்லாமல் இல்லை. திருவல்லிக்கேணியும் மயிலையும் எழும்பூரும் ஏற்கெனவே ஊர்கள். நகரம் வந்து அந்தக் கிராமங்களை விழுங்கிற்று. பேச்சு மட்டும் ஜீரணமாகாமல் நிற்கிறது.

திரையில் அந்தத் தமிழை அன்போடு பேசியவர்களில் ஒருவர் ஜே.பி. சந்திரபாபு. 1958இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் ரிக்ஷாக்காரராக அவர் பேசுவதைக் கேட்டால் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று தோன்றும். அவர் பிறந்தது தூத்துக்குடி. ‘பாக்கேன்’ நாட்டுக்காரர் ‘கீறேன்’ நாட்டுத் தமிழின் வாலைப் பிசகாமல் பிடித்திருக்கிறார். அன்பு இருந்தால் வெளியூர்க் காதுக்கும் வால் அகப்படும் என்பதற்கு அவரைச் சொல்லலாம்.

கிளாம்பாக்கத்தில் இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த நிலையம். தெற்கிலிருந்து வருகிற தமிழ்கள் எல்லாம் இப்போது இங்கேதான் ஒன்றாக இறங்குகின்றன. விசாரணைக் கூண்டுக்கு முன்னால் ‘போறிய’, ‘போறீக’, ‘போறீங்க’ மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. கூண்டுக்குள் இருந்தவர் எல்லாருக்கும் ஒரே பொதுத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே டீக்கடையில் இருந்த பெண், என்னிடம் “என்ன வேணும் சார்?” என்றும், உள்ளே இருந்த தம்பியிடம் “டேய், பாலு எங்கடா கீது?” என்றும் கேட்டாள். எந்த ஊரம்மா என்று விசாரித்தேன். மெட்ராஸ்தான், ஊரப்பாக்கம் என்றாள். பூர்வீகம்? ஆயா ஊர் அச்சிறுபாக்கம் பக்கம்.

தம்பியிடம் பேசின மாதிரியே என்னிடமும் பேசலாமே என்றேன்.

“பேசலாம் சார். கஸ்டமர்ட்ட அப்டி பேசுனா ரவுடி மாதிரி கீதுன்றாங்க.” டீயை ஆற்றியபடியே ஒரு நிமிஷம் யோசித்தாள். “எங்க ஆயா ஊருக்குப் போவ சொல்ல பாக்கணும் நீங்க. ஊரே இப்டிதான் பேசும். அங்க இன்னா எல்லாரும் ரவுடியா?”